பிளக்கில் அந்தப் பெரிய பின் எதற்கு? வீட்டு மின்சாரத்தைப் பாதுகாப்பாக்கப் பாடுபட்ட கரோலின் ஹாஸ்லெட்டின் கதை

லண்டனுக்கோ சிங்கப்பூருக்கோ முதல்முறை போகிறவர்களுக்கு ஓட்டல் அறையில் முதல் தலைவலி போன் சார்ஜர்தான். நம்ம ஊர் உருண்டைப் பின் அங்கே நுழையாது. சுவரில் மூன்று செவ்வகத் துளைகள் இருக்கும். அவற்றில் கீழே உள்ள இரண்டும் உள்பக்கமாக மூடியே கிடக்கும். மேலே உள்ள நீளமான பின் உள்ளே போனால்தான் அந்தக் குட்டிக் கதவுகள் திறக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதற்குள்ளேயே ஒரு ஃபியூஸும் இருக்கும்.

ஒரு குழந்தை ஊசியையோ ஆணியையோ துளைக்குள் விட்டால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே யோசித்துச் செய்த பிளக் அது. அதற்கான தரத்தை வகுக்க அடித்தளம் போட்ட பிரிட்டிஷ் குழுவில் மொத்தம் 20 பேர். அதில் ஒரே ஒரு பெண். பெயர் கரோலின் ஹாஸ்லெட். அவரிடம் பொறியியல் பட்டம் கிடையாது.

சிக்னல் பொருத்துபவரின் மகள்

இங்கிலாந்தின் சஸெக்ஸ் பகுதியில் வொர்த் என்ற ஊரில் 1895 ஆகஸ்ட் 17-ல் பிறந்தவர் கரோலின். அப்பா ரயில்வேயில் சிக்னல் பொருத்தும் தொழிலாளி, கூட்டுறவு இயக்கத்திலும் ஈடுபாடு உள்ளவர். சின்ன வயதில் உடம்பு அடிக்கடி படுத்தியதால் பள்ளிப் படிப்பு விட்டுவிட்டுத்தான் நடந்தது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்ணுக்குத் திறந்திருந்த வழிகள் சிலதான். அதில் ஒன்று செக்ரட்டரி வேலை. அந்தப் பயிற்சியை முடித்துவிட்டு லண்டனில் காக்ரன் என்ற பாய்லர் கம்பெனியில் இளநிலை கிளார்க்காகச் சேர்ந்தார். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவர்களோடும் சேர்ந்துகொண்டார்.

முதல் உலகப் போர் வந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போக, ஆபீஸ் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. கடிதம் டைப் அடிப்பதைவிட, அந்தக் கடிதத்தில் வரும் பாய்லர் எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் இவருக்கு ஆர்வம். கேட்டு வாங்கி ஒர்க்‌ஷாப் பக்கம் போனார். லண்டனிலும், ஸ்காட்லாந்தில் அன்னன் என்ற ஊரில் இருந்த தொழிற்சாலையிலும் அடிப்படைப் பொறியியல் பயிற்சி கிடைத்தது. அவருடைய முறையான தொழில்நுட்பப் படிப்பு என்றால் இதுதான்.

‘வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்’

போரின்போது லட்சக்கணக்கான பெண்கள் தொழிற்சாலைகளில் லேத் ஓட்டினார்கள், குண்டு செய்தார்கள். போர் முடிந்ததும் 1919-ல் ஒரு சட்டம் வந்தது. போருக்கு முன்பு வேலை முறைகள் எப்படி இருந்தனவோ அப்படியே திரும்ப வேண்டும் என்றது அது. பெரும்பாலான பெண்களுக்கு அதன் பொருள் ஒன்றுதான்: வேலை போச்சு.

இதை ஏற்க மறுத்த சில பெண்கள் அதே ஆண்டு ஜூன் மாதம் பெண் பொறியாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். கப்பல் டர்பைன் கண்டுபிடித்த சார்லஸ் பார்சன்ஸின் மனைவி கேத்தரினும் மகள் ரேச்சலும் அதில் முக்கியமானவர்கள். சங்கத்துக்கு ஒரு செயலாளர் தேவைப்பட்டது. கரோலின் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அங்கே போனார். அப்போது வயது 23. சங்கத்தின் பத்திரிகைக்கும் அவர்தான் முதல் ஆசிரியர்.

பல்பு ஹோல்டரில் அயர்ன் பாக்ஸ்

1920-களின் பிரிட்டனில் வீட்டு மின்சாரம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இவர் செய்தது புரியும். பெரும்பாலான வீடுகளுக்குக் கரண்ட் வரவில்லை. வந்த வீடுகளிலும் ஊருக்கு ஊர் வோல்டேஜ் வேறு. சில ஊரில் ஏசி, சில ஊரில் டிசி. பிளக்கிலும் பல சைஸ், பல வடிவம். வீடு மாறினால் கருவியும் பிளக்கும் அங்கே ஒத்துவருமா என்பதே சந்தேகம்.

நிறைய வீடுகளில் விளக்குக்கு மட்டும்தான் ஒயரிங். அப்போ அயர்ன் பாக்ஸை எங்கே செருகுவது? உத்தரத்தில் தொங்கும் பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரில்தான். விளக்குக்கென்று போட்ட மெல்லிய ஒயரில் அயர்ன் பாக்ஸ் இழுக்கும் கரண்ட் ஓடும், ஒயர் சூடேறும். எர்த் என்ற பேச்சே கிடையாது. உள்ளே ஒயர் கசிந்து பாக்ஸின் உலோக உடம்பில் கரண்ட் ஏறினால், தொடும் ஆளின் உடம்பு வழியாகத்தான் அது தரைக்குப் போகும்.

கருவிகளை வடிவமைத்தது, விற்றது, ஒயரிங் செய்தது எல்லாம் ஆண்கள். ஈரக் கையோடு தினமும் அவற்றைத் தொட்டது பெண்கள். இந்த இடைவெளியைப் பார்த்தவர் மேபல் மேத்யூஸ் என்ற பெண் பொறியாளர். பெண்களுக்கு மின்சாரத்தைச் சொல்லிக்கொடுக்க ஓர் அமைப்பு வேண்டும் என்று அவர் தயாரித்த திட்டத்தைப் பெரிய மின்துறை அமைப்புகள் கண்டுகொள்ளவில்லை. அது கரோலின் மேசைக்கு வந்தது. அவர் விடவில்லை. 1924 நவம்பரில் பெண்களுக்கான மின்சாரச் சங்கம் பிறந்தது. அதன் இயக்குநர் பொறுப்பில் கரோலின் 1956 வரை இருந்தார்.

சமையலறையில் ஒரு ஃபியூஸ் பாடம்

இந்தச் சங்கம் ஊர் ஊராகக் கிளைகள் திறந்து கூட்டமும் வகுப்பும் நடத்தியது. மீட்டரை எப்படிப் படிப்பது, ஃபியூஸ் போனால் என்ன செய்வது, எந்தக் கருவி எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்பதெல்லாம் பாடம். கருவிகளை மக்களுக்கு இயக்கிக் காட்டும் பெண்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். 1934-ல் கரோலின் தொகுத்த பெண்களுக்கான மின்சாரக் கையேடு வெளிவந்து, பல பதிப்புகள் கண்டது. எந்த ஸ்விட்சை அழுத்த வேண்டும் என்பதோடு நிறுத்தாமல், உள்ளே என்ன நடக்கிறது என்று விளக்கியது அந்தப் புத்தகம். பயந்து ஒதுங்கும் ஆளைவிட, புரிந்துகொண்டு தொடும் ஆளுக்கு ஆபத்து குறைவு என்று அவர் நம்பினார்.

ஃபியூஸ் பாடம் ஏன் முக்கியம்? ஃபியூஸ் என்பது வேண்டுமென்றே பலவீனமாக வைக்கப்படும் கம்பி. அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் சுவருக்குள் இருக்கும் ஒயர் எரிவதற்கு முன்பு இது உருகி இணைப்பைத் துண்டிக்கும். அடிக்கடி போகிறதே என்று தடிமனான கம்பியைக் கட்டிவிட்டால், அது உருகாது. அடுத்து எரிவது வீட்டு ஒயர். நம்ம ஊரில் பழைய ஃபியூஸ் கேரியர் உள்ள வீடுகளில் இன்றும் நடக்கும் கூத்து இது.

1935-ல் சங்கத்தின் பிரிஸ்டல் கிளை ஒரு முழு மின்சார வீட்டையே கட்டிக் காட்டியது. சமையல், வெந்நீர், குளிருக்கு அறையைச் சூடாக்குவது எல்லாமே கரண்டில். கரியும் புகையும் கிடையாது. கரி அள்ளி, சாம்பல் கொட்டி, துணியை அடித்துத் துவைத்தே ஆயுள் போன பெண்களுக்கு நேரம் மிச்சமாகும்; அந்த நேரத்தில் அவர்கள் படிக்கலாம், வெளியே வேலைக்குப் போகலாம் என்பது கரோலினின் கனவு.

இதில் விமர்சனத்துக்கும் இடம் உண்டு. மின்துறையின் ஆதரவும் இந்தச் சங்கத்துக்கு இருந்தது. கரண்ட் விற்றால்தான் அவர்களுக்கு வருமானம். புதுக் கருவிகளை வாங்க முடிந்தவர்கள் பெரும்பாலும் நடுத்தர வர்க்கப் பெண்கள். மெஷின் வந்த பிறகும் துணி துவைப்பது பெண் வேலையாகவேதான் இருந்தது. அந்த விஷயத்தில் கரோலின் கணக்கு தப்பியது என்றே சொல்ல வேண்டும்.

குண்டு விழும் நகரில் பிளக் பற்றி ஒரு கூட்டம்

அதற்குள் அவர் பெயர் நாட்டுக்கு வெளியேயும் தெரிந்திருந்தது. 1930-ல் பெர்லினில் நடந்த உலக மின்சக்தி மாநாட்டுக்கு வந்த பிரதிநிதிகளில் ஒரே பெண் இவர்தான். ஆனால் அவருடைய வாழ்க்கையில் இன்றும் நாம் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பகுதி, இரண்டாம் உலகப் போரின் நடுவே நடந்தது.

ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்தன. போர் முடிந்ததும் லட்சக்கணக்கான வீடுகளைப் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். அவற்றுக்கு ஒயரிங் எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய, மின்பொறியாளர் கழகம் அமைத்ததுதான் அந்த 20 பேர் குழு. கரோலின் பெண்கள் சங்கத்தின் சார்பில் அதில் உட்கார்ந்தார். வீட்டுக்குள் கருவிகளைத் தினமும் கையாளுபவர்களின் குரல் அவர்தான்.

குழுவின் அறிக்கை 1944-ல் வந்தது. நாடு முழுக்க ஒரே வகை பிளக் வேண்டும், சின்னக் குழந்தைகளுக்கும் ஆபத்தில்லாத சாக்கெட் வேண்டும் என்பவை அதன் முக்கிய முடிவுகள். அதன் அடிப்படையில் 1947-ல் பிஎஸ் 1363 என்ற தரம் வெளியானது. அதுதான் 13 ஆம்பியர் பிளக். அந்த பிளக்கைக் கண்டுபிடித்ததே கரோலின்தான் என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். அது மிகை. பல பொறியாளர்கள் சேர்ந்து செய்த வேலை அது.

அந்த பிளக்கின் உடற்கூறைக் கொஞ்சம் பார்க்கலாம். எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளம். அதனால் செருகும்போது எர்த்தான் முதலில் இணையும், பிடுங்கும்போது அதுதான் கடைசியில் விலகும். சாக்கெட்டின் கதவுகளைத் திறப்பதும் அதுதான். ஒயர் பக்கவாட்டில் இல்லாமல் கீழ்நோக்கி வெளியே வரும். எனவே ஒயரைப் பிடித்து இழுத்து பிளக்கைப் பிடுங்குவது எளிதல்ல.

உள்ளே ஃபியூஸ் வைத்ததற்கு ஒரு பொருளாதாரக் காரணமும் உண்டு. அப்போது தாமிரத்துக்குத் தட்டுப்பாடு. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி ஒயர் இழுக்காமல், 30 ஆம்பியர் தாங்கும் ஒரே ஒயரை வீட்டைச் சுற்றி வளையமாக ஓட்டினார்கள். 30 ஆம்பியருக்கான ஃபியூஸ் ஒரு டேபிள் லேம்ப்பின் மெல்லிய ஒயரைக் காப்பாற்றாது. ஆகவே அந்தந்தக் கருவிக்கு அதனதன் பிளக்கிலேயே ஃபியூஸ். சுமார் 700 வாட் வரை 3 ஆம்பியர், அதற்கு மேல் 13.

நம்ம சாக்கெட்டுக்கு வருவோம்

இந்தியா இந்த பிளக்கை எடுத்துக்கொள்ளவில்லை. நம்ம உருண்டைப் பின் பிளக்குகள் அதற்கு முந்தைய பிரிட்டிஷ் தரமான பிஎஸ் 546-இன் வாரிசுகள். சிங்கப்பூர், மலேசியா 13 ஆம்பியர் பக்கம் போயின. இலங்கையும் பின்னர் அதையே தன் தரமாக்கியது. நம்மிடம் 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று இரண்டு அளவுகள் தங்கிவிட்டன.

இங்கேயும் எர்த் பின் நீளமானது. அதோடு மற்ற துளைகளில் தவறி நுழையாதபடி தடிமனானது. நல்ல சாக்கெட்டுகளில் கதவும் இருக்கிறது. ஆனால் பிளக்குக்குள் ஃபியூஸ் இல்லை. மெயின் பாக்ஸில் உள்ள எம்சிபி சுவருக்குள் ஓடும் ஒயரைக் காக்கத்தான்; கிரைண்டரின் பழைய ஒயர் பிய்ந்திருப்பது அதற்குத் தெரியாது. அதனால் கருவியின் ஒயரை அவ்வப்போது கண்ணால் பார்க்க வேண்டியது நம்ம வேலையாகிறது: பிளக் அருகே வெடிப்பு, தொட்டால் சூடு, கருகிய வாடை. இதில் ஒன்று இருந்தாலும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது.

வாஷிங் மெஷின், ஹீட்டர், கிரைண்டர், செடிக்குத் தண்ணீர் விடும் மோட்டார் என்று உலோகமும் தண்ணீரும் சேரும் இடமெல்லாம் எர்த் கட்டாயம். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகினால் எர்த் அங்கேயே அறுந்துவிடுகிறது. மூன்றாவது துளையில் பேனாவைக் குத்திக் கதவைத் திறந்து சார்ஜரைச் செருகும் பழக்கமும் சில வீடுகளில் உண்டு. ஒரு குழந்தை அதை ஒருமுறை பார்த்தால் போதும், அந்தக் கதவு இருந்தும் பயனில்லை. கருவியைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறதா? செருப்புப் போட்டுக்கொண்டு சமாளிப்பது தீர்வில்லை. எர்த்தைச் சோதிக்க வேண்டும். கூடவே, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே டிரிப் ஆகும் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது கரோலின் காலத்து வீடுகளில் இல்லாத வசதி.

கடைசி ஆண்டுகள்

பிளக் தரம் வந்த அதே 1947-ல் அவருக்கு டேம் பட்டம் கிடைத்தது. மின்சாரம் அரசுடைமை ஆனபோது பிரிட்டிஷ் மின்சார ஆணையத்தில் இடம் பெற்ற முதல் பெண்ணும் அவரே. மின் நிலையங்களுக்கு நிலக்கரி ஏற்றிச் செல்லும் கப்பல் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள். கரி அள்ளும் வேலையிலிருந்து பெண்களை விடுவிக்க நினைத்தவரின் பெயரில் ஒரு நிலக்கரிக் கப்பல்!

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உடம்பு முடியாமல் போனதால் 1956-ல் பொறுப்புகளை விட்டார். 1957 ஜனவரி 4-ல் சஃபோக் பகுதியில் சகோதரியின் வீட்டில் மாரடைப்பால் இறந்தார். வயது 61. அவர் எழுதிவைத்த உயிலில் ஒரு விருப்பம் இருந்தது: தன் உடலை மின்சாரத்தால் எரியூட்ட வேண்டும்.