பேராசிரியர் சந்திரசேகர் ஆராய்ச்சிக்குச் சென்ற வரலாறு

கல்வியின்பொருட்டு மட்டக்களப்பு வாவியைப் பாதையிற் கடந்தோர் மண்டூர்ப் பகுதியிலே பலராவர். அவருள் விஞ்ஞானப் பட்டம் பெற்று, மேலும் ஆராய்ச்சி செய்ய விழைவார்க்குப் பெரியதொரு கடல் குறுக்கே நிற்கின்றது. துணிக்கைப் பௌதிகம் போன்ற துறைகளில் ஆராய்ச்சி மாணவராகச் சேர விண்ணப்பிக்கும் இளைஞர், பரீட்சைப் பெறுபேற்றையும் ஆசிரியர் தந்த நற்சான்றையும் அனுப்பிவிட்டு, இனி நம் கையில் ஒன்றுமில்லை என எண்ணிக் காத்திருத்தல் வழக்கம். ஆயின், பல்கலைக்கழகத்தார் அறிய விரும்புவது ஒருவர் யாது கற்றார் என்பதை மட்டுமன்று. யாது செய்ய வல்லார் என்பதையுமாம். அவ்வினாவுக்குப் பத்தொன்பதாம் வயது நிரம்புமுன்னரே விடை கூறிய ஒரு தமிழரின் வரலாற்றை நம் மாணவர் அறிதல் நன்று.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் நாள் லாகூரிற் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் இருப்புப்பாதைக் கணக்குப் பகுதியில் உயர்ந்த பதவி வகித்தவர். பௌதிக விஞ்ஞானி சி. வி. இராமன் அவருடைய தம்பியாவார். குடும்பம் சென்னைக்கு வந்தபின் சந்திரசேகர் திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பள்ளியிற் பயின்று, 1925இல் மாநிலக் கல்லூரியைச் சேர்ந்தார். அவருள்ளம் கணிதத்தையே நாடிற்று. தந்தையாரோ பௌதிகம் பயில வேண்டுமென விரும்பினார். தந்தை சொற்படி பௌதிகத்திற் சேர்ந்த மைந்தர், கணித விரிவுரைகளையும் விடாது சென்று கேட்டு வந்தார்.

1928ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியப் பேரறிஞர் ஆர்னோல்ட் சொமர்பெல்ட் சென்னைக்கு வந்தார். அணுவின் அமைப்புப் பற்றி அவர் எழுதிய நூலைச் சந்திரசேகர் முன்னரே கற்றுத் தேர்ந்திருந்தார். அந்தத் துணிவோடு அறிஞரை நேரிற் காணச் சென்றவருக்குப் பேரதிர்ச்சி காத்திருந்தது. அந்நூலிற் கூறப்பட்ட பௌதிகம் பழமையாகிவிட்டதென்றும், சொட்டுப் பொறிமுறை தோன்றியபின் அடிப்படைகளே மாறிவிட்டனவென்றும் சொமர்பெல்ட் உரைத்தார். பிறிதொரு மாணவனாயின் மனமுடைந்து திரும்பியிருப்பான். சந்திரசேகரோ, உலோகங்களிலுள்ள இலத்திரன்களைப் பற்றி அவ்வறிஞர் அப்போது எழுதி முடித்திருந்த கட்டுரையின் அச்சுப்படியைப் பெற்று மீண்டார். ஒரே நிலையில் இரண்டு இலத்திரன்கள் அமைதல் இயலாது என்னும் விதியினின்று பிறந்த புதிய புள்ளிவிபரவியலை அதிலிருந்து தாமே கற்றார்.

கற்றதோடு அவர் அமையவில்லை. கதிர்கள் இலத்திரன்களில் மோதிச் சிதறும் கொம்ரன் விளைவுக்கு அப்புதிய முறையைப் பொருத்திச் சில மாதங்களில் ஒரு கட்டுரை வரைந்தார். அதனை யாருக்கு அனுப்புவதென்பது அடுத்த வினா. கேம்பிரிட்ஜிலிருந்த ரால்ப் பௌலர் என்பார், 1926இலேயே அப்புள்ளிவிபரவியலைச் செறிவு மிக்க விண்மீன்களின் ஆராய்ச்சியிற் பயன்படுத்தியவர். தம் கட்டுரையின் பொருளை உள்ளவாறு மதிப்பிட வல்லவர் அவரேயெனக் கண்டு, 1929ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவருக்கே அனுப்பினார். திருத்தங்கள் சில வேண்டுமென மறுமொழி வந்தது. சந்திரசேகர் அவற்றை ஏற்றுச் செப்பனிட்டார். பௌலரின் வாயிலாக அக்கட்டுரை அவ்வாண்டே இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் வந்தது. ஆராய்ச்சிக்கு அவர் செய்த முதல் விண்ணப்பம் இக்கட்டுரையே எனலாம். பட்டத் தேர்வு முடியுமுன்னரே, அவரை இன்னாரென அறிந்த ஆசிரியர் ஒருவர் கடலுக்கு அப்பால் இருந்தார்.

1930இல் கேம்பிரிட்ஜிற் பயில இந்திய அரசாங்கத்தின் புலமைப்பரிசில் கிடைத்தது. மகன் இந்திய சிவில் சேவையிற் புகவேண்டுமென்பது தந்தையாரின் அவா. அதனினும் பெரியதொரு தடையும் இருந்தது. தாயார் சீதாலட்சுமி கடும் நோயுற்றுக் கிடந்தார். இப்சனின் நாடகமொன்றைத் தமிழில் ஆக்கிய கல்வியுடையார் அவ்வம்மையார். அந்நிலையில் மகனைப் பிரிதல் எத்தகையதென்பதை அவரினும் உணர்ந்தார் இலர்; எனினும், போகத்தான் வேண்டுமென மகனை ஊக்கியவரும் அவரே. ஜூலை 31ஆம் நாள் சந்திரசேகர் பம்பாயிற் கப்பலேறினார். அடுத்த ஆண்டு மே மாதத்தில் அன்னையார் காலமானார். மகன் அவரை மீண்டும் காணவில்லை.

கப்பலிற் கிடைத்த ஓய்வில் அவர் பௌலரின் ஆராய்ச்சியை மீண்டும் எடுத்து நோக்கினார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்ணிறக் குறுவிண்மீனைத் தாங்கி நிற்பது இலத்திரன்களின் அமுக்கம். அவ்விலத்திரன்கள் ஒளியின் வேகத்தை அணுகுமாயின் சார்புக் கொள்கையையும் கணக்கிற் கொள்ளல் வேண்டுமே என எண்ணினார். அவ்வாறு கணித்தபோது, அத்தகைய விண்மீனின் திணிவுக்கு ஓர் எல்லை உண்டென்பது புலனாயிற்று. ஞாயிற்றின் திணிவைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கென இன்று கொள்ளப்படும் அவ்வெல்லை அவர் பெயராலேயே வழங்குகின்றது. இத்துணை பெரிய முடிபைக் கையிற் கொண்டு இலண்டனில் இறங்கியவருக்குக் கேம்பிரிட்ஜிலே இடம் உறுதியாகியிருக்கவில்லை. பௌலரின் முயற்சியாலேயே திரினிற்றிக் கல்லூரியில் அனுமதி கிட்டியது. முன்பு அனுப்பிய கட்டுரை அப்போது அவருக்குத் துணை நின்றது.

பௌலரின் மாணவராய் ஆராய்ந்து, டிராக் என்னும் அறிஞரின் அறிவுரைப்படி மூன்றாம் ஆண்டைக் கோப்பன்ஹேகனிற் கழித்து, 1933இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1935 ஜனவரி 11ஆம் நாள் அரச வானியற் கழகக் கூட்டத்தில் அவர் தம் முடிபை விளக்கியபோது, வானியலிற் பெரும்புகழ் வாய்ந்த எடிங்டன் எழுந்து அதனை எள்ளி மறுத்தார். இளைஞர் பக்கம் வெளிப்படையாக நின்றோர் இலர். சந்திரசேகர் தம் கணிதத்தைக் கைவிடவுமில்லை; எடிங்டனைப் பகைக்கவுமில்லை. 1937இற் சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்து, 1939இல் விண்மீன்களின் அமைப்புப் பற்றிய தம் நூலை வெளியிட்டு, வேறு துறைகளுக்குச் சென்றார். 1983இல் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. 1995 ஆகஸ்டு 21ஆம் நாள் சிக்காகோவிற் காலமானார்.

ஆசிரியராகவும் அவர் சிறந்தவர். 1940களின் பிற்பகுதியில், யேர்க்கிஸ் வானாய்வகத்திலிருந்து ஏறக்குறைய 80 மைல் மோட்டார் வண்டியிற் சென்று, இருவரே பயின்ற வகுப்பொன்றுக்குக் கற்பித்தார். அவ்விருவரும் சீனரான லீ, யாங் என்போர். துணிக்கைகளின் சிலவகை மாற்றங்களில் வலமும் இடமும் ஒத்தன அல்ல எனக் கருத இடமுண்டென்று காட்டி, ஆசிரியருக்கு முன்னரே 1957இல் நோபல் பரிசு பெற்றனர். 1928இல் ஓர் அறிஞரின் அறையிற் பெற்றதை அவர் வட்டியோடு திருப்பிச் செலுத்தினார் எனலாம்.

இலங்கைத் தமிழரான கிறிஸ்டி ஜெயரட்ணம் எலியேசரும் பின்னாளிற் கேம்பிரிட்ஜ் சென்று, டிராக்கிடம் பயின்று, இலத்திரனின் இயக்கத்தை ஆராய்ந்து, 1949இல் இலங்கைப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியரானார். ஆதலின் இவ்வழி நமக்குப் புதிதன்று. இன்று ஜெனீவாவின் ஆய்வுகூடத்தில் நிகழும் துணிக்கை மோதல்களைப் பற்றிய கட்டுரைகளை ஊரிலிருந்தே படித்தல் கூடும்; சந்திரசேகர் ஓர் அச்சுப்படிக்காகச் சொமர்பெல்டைத் தேடிச் செல்லவேண்டியிருந்தது. விண்ணப்பம் எழுதப் புகும் மாணவர், அதற்கு முன் சிறியதாயினும் ஒரு கணக்கை முற்றாகச் செய்து முடிப்பாராக; அத்துறையை நன்கறிந்த ஆசிரியரைத் தேடி அனுப்புவாராக; அவர் கூறும் திருத்தத்தை மனமுவந்து ஏற்பாராக. பழைய மாணவராகிய நமக்கும் ஒரு கடன் உண்டு. அறிவு நாடி வரும் இளைஞருக்கு, நீ கற்றது பழையது என உண்மையைக் கூறுதலோடு நில்லாது, புதியதையும் கையிற் கொடுத்தனுப்புதல் வேண்டும். இவ்விழா மலரைக் கையிலெடுக்கும் ஒவ்வொருவரும் அதனை நினைவிற் கொள்வோமாக.