காத்திருப்புக்கு முறை வகுத்த கணிப்பொறி அறிஞர் டைக்ஸ்ட்ரா

ஒரு பொருளைப் பலர் பகிர்ந்து பயன்படுத்துமிடத்து முறையொன்று வேண்டும். இல்லையேல் பூசல் விளையும். மாந்தர்க்குரிய இவ்வுண்மை கணிப்பொறிக்கும் பொருந்தும் எனத் தெளிந்து, அதற்குத் தீர்வும் தந்த பேரறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஆவார்.

இளமையும் கல்வியும்

நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் நகரில் 1930ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் வேதியியலார், தாயார் கணிதம் வல்லவர். லைடன் பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் பயின்றுவந்த அவர், 1951இல் கேம்பிரிட்ஜில் நடைபெற்ற நிரலாக்கப் பயிற்சியில் கலந்துகொண்டார். மறு ஆண்டே ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் பணியேற்றார்.

நிரலாக்கத்தை ஒரு தொழிலாகவே உலகம் மதியாத காலம் அது. 1957இல் தம் திருமணப் பதிவில் நிரலாளர் எனக் குறிக்க அவர் விழைந்தபோது, அப்படியொரு தொழிலே இல்லையென அதிகாரிகள் மறுத்தனர். கோட்பாட்டு இயற்பியலார் என்றே பதிய நேர்ந்தது. அத்தொழிலுக்கு அறிவியலின் மதிப்பைப் பெற்றுத் தருவதே அவர்தம் வாழ்நாட் பணியாயிற்று.

சிக்கலும் தீர்வும்

அந்நாளில் உருவான எக்ஸ்-1 கணிப்பொறியில், புறக்கருவிகள் எக்கணத்திலும் குறுக்கிட்டு நடப்புப் பணியை நிறுத்தக்கூடும். இவ்வாறு எழும் பிழை ஒருமுறை தோன்றும். மீண்டும் தேடினால் அகப்படாது. இதன் அச்சமே டைக்ஸ்ட்ராவை ஆழ்ந்து சிந்திக்கத் தூண்டியது.

இரு செயல்முறைகள் பொது நினைவகத்திலுள்ள ஓர் எண்ணைக் கையாள்வதாகக் கொள்வோம். எண் 100. முதலாவது அதனைப் படிக்கிறது. அது திருப்பி எழுதுமுன் இரண்டாவதும் 100 என்றே படிக்கிறது. இரண்டும் ஒன்றைக் கூட்டி எழுதினால், 102 இருக்கவேண்டிய இடத்தில் 101 நிற்கும். இவ்வெண் ஒருவருடைய வைப்புத்தொகையாயின் இழப்பு யாருக்கு?

1962இல் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியரான டைக்ஸ்ட்ரா, இதற்குத் தீர்வாகச் செமபோர் என்னும் கருத்தை வழங்கினார். இருப்புப்பாதைக் கைகாட்டியின் பெயர் பூண்ட இது ஓர் எண்ணே. பொது நினைவகத்துள் நுழையும் செயல்முறை அவ்வெண்ணில் ஒன்றைக் குறைக்க வேண்டும். எண் சுழியாயின் காத்திருக்க வேண்டும். பணி முடித்து வெளியேறுவது ஒன்றைக் கூட்டிக் காத்திருப்போருக்கு வழிவிடும். எண்ணைச் சோதித்தலும் குறைத்தலும் இடையீடின்றி ஒரே செயலாக நிகழ்தல் இதன் உயிர்நிலையாகும்.

இம்முறையைக் கொண்டு எக்ஸ்-8 கணிப்பொறிக்குச் சிறு குழுவுடன் ஓர் இயக்க அமைப்பை அவர் உருவாக்கினார். சோதனையில் வெளிப்பட்டவை 500 கட்டளைக்கு ஒன்று என்னும் அளவிலான அற்பப் பிழைகளே என 1968இல் அறிவித்தார். சோதித்துப் பிழை களைவதினும், பிழை புகாதவாறு முன்னரே நிறுவுதல் மேல் என்பது அவர் கொள்கை.

செமபோரும் காவலற்ற இடத்தில் பயன் தராது. வெளியேறும் செயல்முறை எண்ணைக் கூட்ட மறந்தால் ஏனையவை நின்றுவிடும். ஒன்று வைத்திருப்பதை மற்றொன்றும், மற்றொன்று வைத்திருப்பதை இதுவும் எதிர்நோக்கினால் இரண்டும் முடங்கும். இதனை விளக்க 1965இல் அவர் மாணவர்க்கு அமைத்த தேர்வு வினாவே, பின்னாளில் விருந்துண்ணும் மெய்யியலார் புதிர் எனப் புகழ்பெற்றது.

புகழும் நிறைவும்

1972ஆம் ஆண்டின் டியூரிங் விருது அவரை அடைந்தது. 1984 முதல் 1999 வரை அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், ஆஸ்டின் நகரில் பணியாற்றினார். கணிப்பொறி மேதையாயினும், தம் ஆய்வுக் குறிப்புகளுட் பலவற்றை மைப்பேனாவாலேயே எழுதினார். அக்குறிப்புகள் 1300க்கும் மேற்பட்டவை. 2002 ஆகஸ்டு 6ஆம் நாள் தாயகத்தில் மறைந்தார்.

1983இல் வெளிவந்த யூனிக்ஸ் சிஸ்டம் ஐந்தில் பொது நினைவகமும் செமபோரும் இடம்பெற்றன. இன்றும் சி மொழியில் ஷம்கெட் என்னும் அழைப்பால் பொது நினைவகத்தையும், செம்கெட் என்னும் அழைப்பால் செமபோரையும் பெறும் மாணவர், டைக்ஸ்ட்ராவின் சிந்தனையையே கையாள்கின்றனர். பொதுப்பொருளைத் தொடுமுன் முறை கேட்டலும், முடித்தபின் பிறர்க்கு வழிவிடுதலும் நிரலுக்கு மட்டுமோ உரியன? வாழ்வுக்கும் உரியன அன்றோ!