பாட்டே இல்லாத படம் எடுத்த இசை மேதை!

அந்தக் காலத்தில் சினிமா என்றாலே பாட்டுத்தான். பாட்டு இல்லாத தமிழ்ப்படத்தை யாரும் நினைத்துக்கூடப் பார்த்தது இல்லை.

அப்போது ஒருவர் துணிந்து, ஒரு பாட்டுக்கூட இல்லாமல் படம் எடுத்தார். இத்தனைக்கும் அவர் இசையிலேயே ஊறியவர்! அவர்தான் வீணை எஸ்.பாலச்சந்தர்.

கஞ்சிரா சிறுவன்

பாலச்சந்தர் 1927-ம் ஆண்டு ஜனவரி 18-ந்தேதி சென்னையில் பிறந்தார். தந்தை சுந்தரம் அய்யர், வக்கீல்.

1934-ல் வந்த "சீதா கல்யாணம்" படத்தில் குடும்பமே நடித்தது. அண்ணன் ராஜம், ராமர். சகோதரி ஜெயலட்சுமி, சீதை. தந்தை, ஜனகர். சிறுவன் பாலச்சந்தர், ராவணன் சபையில் கஞ்சிரா வாசித்தான்.

பிறகு அவர் வீணையைக் கையில் எடுத்தார். குரு யாரும் இல்லை. தானாகவே கற்றுத் தேர்ந்தார்.

மனதைக் கவர்ந்த ஜப்பான் படம்

ஜப்பானிய டைரக்டர் அகிரா குரோசாவா 1950-ல் "ரஷோமோன்" என்ற படத்தை எடுத்தார். நடந்தது ஒரே கொலை. அதை ஒவ்வொருவரும் வெவ்வேறு விதமாகச் சொல்வார்கள். எது உண்மை? படம் பார்ப்பவர்கள் திகைத்துப் போவார்கள்.

படவிழாவில் இதைப் பார்த்தார், பாலச்சந்தர். அந்தப் பாணியில் ஒரு நாடகம் எழுதி வானொலிக்குக் கொடுத்தார். அது ஏற்கப்படவில்லை.

அவர் சோர்ந்துவிடவில்லை. பட அதிபர் ஏவி.மெய்யப்ப செட்டியாரிடம் கதையைச் சொன்னார். அதுவே "அந்த நாள்" ஆயிற்று.

கொன்றது யார்?

1943-ல் சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்ட சமயம். ரேடியோ என்ஜினீயர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி என்று ஒவ்வொருவர் மீதும் சந்தேகம் விழுகிறது.

பேயும் இல்லை, பூதமும் இல்லை. மனித மனதில் ஒளிந்திருப்பதைக் காட்டியே பாலச்சந்தர் திகில் ஊட்டினார். மாருதிராவின் கேமரா, ஒளியையும் நிழலையும் பேச வைத்தது.

ராஜனாக நடித்தவர், சிவாஜிகணேசன். அவன் தேசத் துரோகி என்பதும், நாட்டுக்காக மனைவியே அவனைச் சுட்டாள் என்பதும் கடைசியில்தான் தெரியும். மனைவியாக பண்டரிபாய் நடித்தார்.

1954 ஏப்ரல் 13-ந்தேதி படம் வெளிவந்தது. பாட்டை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்தார்கள். வசூல் இல்லை. ஆனால் மத்திய அரசின் நற்சான்றிதழ் கிடைத்தது. இன்றும் தமிழின் சிறந்த படங்களில் ஒன்றாக அது பேசப்படுகிறது.

நடு இரவில்

பிறகு "அவனா இவன்", "பொம்மை" ஆகிய மர்மப் படங்களை எடுத்தார். "நடு இரவில்" இன்னும் பயங்கரமானது. தனித்த பங்களாவில் கூடிய உறவினர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அந்தப் படத்தை வாங்க வினியோகஸ்தர்கள் தயங்கினார்கள். 1970-ல்தான் அது திரைக்கு வந்தது.

அதன்பின் வீணையே அவரது உலகம் ஆயிற்று. 1982-ல் "பத்மபூஷண்" விருது பெற்றார்.

கச்சேரிக்காகப் பிலாய் நகருக்குச் சென்றிருந்தபோது, மாரடைப்பால் காலமானார். அன்று 1990 ஏப்ரல் 13-ந்தேதி. "அந்த நாள்" திரைக்கு வந்த அதே நாள்!