அரண் கட்டப் போன கணிதப் பேராசிரியர்: கொலின் மக்லோரின்

1745 செப்டெம்பரில், ஆட்சியிழந்த ஸ்டுவர்ட் அரச குடும்பத்தை மீண்டும் அரியணை ஏற்றப் புறப்பட்ட கிளர்ச்சிப் படை, ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரை நெருங்கியது. அரசின் பக்கம் நின்று, மதில்களைப் பலப்படுத்தும் திட்டத்தை வகுத்து இரவு பகலாக வேலை செய்வித்தவர் ஒரு கணிதப் பேராசிரியர்: கொலின் மக்லோரின்.

அவர் 1698 இல் கில்மொடனில் பிறந்தார். ஆறு வாரத்தில் தந்தையையும், ஒன்பது வயதில் தாயையும் இழந்தார். தந்தையின் சகோதரரான மதகுரு ஒருவர் வளர்த்தார். 11 வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 19 வயதில் அபர்டீனில் பேராசிரியரானார். 1725 இல் நியூட்டனின் சிபாரிசுடன் எடின்பரோவுக்கு வந்தார்.

நியூட்டனின் வகையீட்டு முறைக்கு உறுதியான அடித்தளம் இல்லை என்று ஜோர்ஜ் பேர்க்லி 1734 இல் எழுதினார். அதற்குப் பதிலாக மக்லோரின் தொடங்கிய எழுத்து, 1742 இல் இரண்டு பாகங்கள் கொண்ட பெருநூலாக வெளிவந்தது.

அந்த நூல் தீர்த்துவைத்த கேள்விகளில் ஒன்று இது. ஒரு வளையி ஓரிடத்தில் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை என்றால் அங்கே முதற் பெறுதி பூச்சியம். ஆனால் அது உச்சியா, பள்ளமா, சற்று ஓய்ந்துவிட்டுத் தொடரும் ஏற்றமா என்பது அதிலிருந்து தெரியாது. இரண்டாம் பெறுதி மறை என்றால் உயர்வு, நேர் என்றால் இழிவு. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்களுக்கு இது பழக்கமானது. இரண்டாவதும் பூச்சியமானால்? பூச்சியமல்லாத பெறுதி வரும்வரை மேலே போக வேண்டும். அது நான்காவது, ஆறாவது என இரட்டையாக வந்தால் உயர்வோ இழிவோ உண்டு. மூன்றாவது, ஐந்தாவது என ஒற்றையாக வந்தால் இரண்டும் இல்லை. நின்றுவிட்டதாகத் தோன்றும் புள்ளியில் அவசரப்பட்டு முடிவு சொல்லக் கூடாது என்பதே இதன் சாரம்.

நூல் வெளிவந்த பின், ஸ்கொட்லாந்து மதகுருமாரின் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்குமான நிதியத்தின் கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுத்தார்.

எடின்பரோ சண்டையின்றியே கிளர்ச்சியாளர் கையில் வீழ்ந்தது. மக்லோரின் இங்கிலாந்துக்குத் தப்பினார். யோர்க் பேராயர் அடைக்கலம் கொடுத்தார். அரண் வேலையின் களைப்பு, குதிரையிலிருந்து விழுந்த காயம், திரும்பும் வழியில் குளிர் எல்லாம் சேர்ந்து உடலை முறித்தன. ஊர் திரும்பியும் தேறவில்லை. 1746 ஜூன் 14 அன்று, 48 வயதில் இறந்தார். கடைசி நேரம்வரை நியூட்டனின் கண்டுபிடிப்புகள் பற்றிய தன் நூலுக்குச் சொல்லச் சொல்ல எழுதுவித்துக்கொண்டிருந்தார்.

அந்த நூல் 1748 இல் வெளிவந்தது. ஆசிரியரின் பிள்ளைகளுக்காக அச்சிடப்பட்டதென்று அதன் முகப்புப் பக்கம் தெரிவித்தது.