சுகுமார் சென்னும் எண்ணிட்ட வாக்குச் சீட்டும்

1952-ஆம் ஆண்டில் திண்டிவனத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் பண்ணையாள் ஒருவன் வாக்குச் சாவடிக்குச் சென்றான் எனக் கொள்வோம். வழியில் நின்றோர் அவனுக்குக் கடன் கொடுத்தோரும் கூலி கொடுப்போருமே. அவன் வாக்கு யாருக்குச் சென்றதென அவர்கள் அறியக்கூடுமாயின், அவ்வாக்கு அவர்களுடையதேயன்றி அவனுடையதாகாது. இவ்வச்சத்தை நீக்கும் பொறுப்பை ஏற்றவர் வங்காளத்தில் பிறந்த சுகுமார் சென் ஆவர்.

இவர் கல்கத்தா பிரஸிடென்ஸி கலாசாலையிலும், பின்னர் லண்டன் சர்வகலாசாலையிலும் பயின்று, கணிதத்தில் தங்கப்பதக்கம் பெற்றார். இந்திய சிவில் உத்தியோகத்தில் அமர்ந்து, பல ஜில்லாக்களில் பணிபுரிந்து, மேற்கு வங்கத்தின் தலைமைக் காரியதரிசியாக உயர்ந்தார். 1950 மார்ச்சில் முதல் தலைமைத் தேர்தல் ஆணையராயினார். பிரதமர் நேரு தேர்தலை விரைவில் காண விழைந்தாராயினும், சென் அவசரத்திற்கு இடங்கொடுத்தாரில்லை. வாக்காளர் தொகையோ 17 கோடியே 60 லட்சம். அவருள் பெரும்பாலோர் எழுத்தறியாதார். வட நாட்டுப் பெண்டிர் பலர் தம் பெயரைக் கூற நாணி, இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே பதிந்திருந்தனர். அத்தகைய பதிவுகளில் ஏறத்தாழ 28 லட்சத்தை அவர் நீக்கச் செய்தார். இது கொடிதென்பாரும் உளர். பெயரில்லா வாக்காளர் பெயரால் எவரும் வாக்களித்துவிடலாம் என்பதையும் நாம் எண்ணுதல் வேண்டும்.

எழுத்தறியாதார் சீட்டில் குறியிடுதல் அரிது என்று கருதி, ஒவ்வோர் அபேட்சகருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைக்கப்பட்டது. பெட்டிகள் யாவும் மறைவிடத்துள் இருந்தன. வாக்காளர் தனியே உட்சென்று, தம் சீட்டை விரும்பிய பெட்டியில் இடுவர். சீட்டோ ஒரு ரூபாய் நோட்டளவினது, நாசிக்கில் அச்சானது, லோக்சபைக்குப் பச்சைக் கோடும், சட்டசபைக்குப் பழுப்புக் கோடும் உடையது. ஒவ்வொன்றிலும் தொடர் எண் பொறித்திருந்தது. சாவடிக்கு வந்த சீட்டு எத்தனை, கொடுத்தது எத்தனை, மிகுந்தது எத்தனை என்று அதிகாரி கணக்குக் காட்டவேண்டும். எனவே வெளியில் அச்சிட்ட கள்ளச் சீட்டைப் பெட்டியில் திணித்தால், அதன் எண் அச்சாவடிக்குரிய வரிசையிற் சேராது காட்டிக்கொடுக்கும். ஒருவரே இருமுறை வருவதைத் தடுப்பதற்கு இடக்கை விரலில் அழியா மை இடப்பட்டது.

அந்நாளில் திண்டிவனம் லோக்சபைத் தொகுதி இரட்டை அங்கத்தினர் தொகுதி. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள். அங்கு வென்ற திருக்குறள் முனிசாமியும் ஜெயராமனும் காங்கிரஸை எதிர்த்த உழைப்பாளர் கட்சியினர். முனிசாமி விழுப்புரத்தை அடுத்த தோகைப்பாடியிற் பிறந்தவர் என்பது நம் பக்கத்தார்க்கு மகிழ்ச்சி தருவதாம்.

ஆயினும் இம்முறையில் ஓர் ஓட்டை இருந்தது. மறைவிடத்துட் சென்றவர் சீட்டைப் பெட்டியில் இடாது மடியிற் செருகி வெளிவந்து விற்றுவிடலாம். வாங்கியவன் அவற்றைச் சேர்த்து ஒரே பெட்டியில் இடுவிக்கலாம். அச்சீட்டுகள் மெய்ச்சீட்டுகளே, எண்ணும் மெய்யெண்ணே. தொடர் எண்ணால் இக்கள்ளத்தைப் பிடிக்க இயலவில்லை. இன்னார்க்கு இன்ன எண் என்று எழுதி வைத்தால் பிடித்துவிடலாமே எனின், அவ்வேடு பகைவர் கைப்பட்டால் பண்ணையாளின் இரகசியம் என்னாகும்? பிற்கால விதிகள் இதற்கு ஒருவாறு வழி கண்டன. வாக்காளர் வரிசை எண் அடிச்சீட்டில் மட்டும் குறிக்கப்படும். பட்டியலில் சீட்டின் எண் எழுதலாகாது. அடிச்சீட்டுக் கட்டு முத்திரையிடப்பட்டு, நீதிமன்ற ஆணையின்றித் திறக்கப்படாது.

சென் 1953-இல் சூடான் நாட்டுத் தேர்தலையும் நடத்திக் கொடுத்தார். 1957-இல் நம் நாட்டின் இரண்டாம் பொதுத்தேர்தலை நடத்துகையில் பழைய பெட்டிகளையே மீண்டும் பயன்படுத்திப் பெரும்பொருள் மிச்சப்படுத்தினார். 1958 டிசம்பரில் ஓய்வுற்று, 1960-இல் பர்த்வான் சர்வகலாசாலையின் முதல் துணைவேந்தராயினார்.

அவர் வகுத்த தனிப்பெட்டி முறை அவருக்குப்பின் நெடுநாள் நிற்கவில்லை. 1960-இல் கேரளத்திலும், 1962 பொதுத்தேர்தலிலும், அபேட்சகர் யாவரின் பெயரும் சின்னமும் அச்சிட்ட ஒரே சீட்டில் வாக்காளரே முத்திரை குத்தி, பொதுப்பெட்டியில் இட்டனர். எழுத்தறியாதாரும் அதனைச் செவ்வனே செய்தனர். 2021 அக்டோபரில் விழுப்புரம் ஜில்லாவின் ஊராட்சித் தேர்தலிலும் நம்மவர் ஆளுக்கு நான்கு வண்ணச் சீட்டு வாங்கி, மறைவிடத்துட் சென்று முத்திரை குத்தினர்.