மாருதி 800 இன்ஜினில் ரேஸ் கார்: யார் இந்த கரிவரதன்?

பழைய ஸ்போர்ட்ஸ் காரை வேகமாக்கணும்னா எல்லோரும் முதலில் தேடுவது பெரிய இன்ஜினைத்தான். முகப்பேர் ஒர்க்‌ஷாப்பில் கேட்டாலும் அதைத்தான் சொல்வாங்க. ஆனா இன்ஜின் பெருசானா எடையும் கூடும். பிரேக், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன்னு ஒவ்வொண்ணா மாத்தணும், செலவு எங்கேயோ போயிடும்.

கோவை தொழில் குடும்பத்தில் பிறந்த எஸ்.கரிவரதன் இதை அப்படியே தலைகீழாக யோசித்தார்.

இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் ரேஸ் நடந்த காலம் அது. வெளிநாட்டு இன்ஜின் வாங்க இறக்குமதி கட்டுப்பாடு, வரி எல்லாம் தாண்டணும். பணக்காரர்களுக்கே அது கஷ்டம். கரிவரதன் கையில் எடுத்தது, வீட்டுக்கு வீடு வரத் தொடங்கியிருந்த மாருதி 800-ன் 796 சிசி, 3 சிலிண்டர் இன்ஜின். அதை எடை குறைந்த ஒற்றை சீட் காரில், ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் பொருத்தினார். ஸ்பேர் பார்ட்ஸ் உள்ளூரிலேயே கிடைக்கும். இதுதான் ஃபார்முலா மாருதி.

பூந்தமல்லி தாண்டி இருக்கும் இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும் இந்த கார்கள் பறந்தன. 1990-களின் தொடக்கத்தில் அதில் ரேஸ் பழகிய கோவை பையன்தான் நரேன் கார்த்திகேயன்.

1995-ல் விமான விபத்தில் கரிவரதன் உயிரிழந்தார். கோவை செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பெயரையே வைத்தார்கள். நரேன், இந்தியாவின் முதல் எஃப்1 வீரராகக் களமிறங்கியது 2005-ல். அதைப் பார்க்க கரிவரதன் இல்லை.