24 வருடம் காத்திருந்த பொறியாளர்

நண்பர்களே, நம்ம ஊரில் கரண்ட் போனால் என்ன ஆகும்? ஃபேன் நிற்கும், கொசு கடிக்கும், ஹாஸ்டலில் 'ஓ' என்று ஒரு சத்தம் எழும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவோம். அவ்வளவுதான் நம் கஷ்டம்.

வெளியே மைனஸ் 25 டிகிரி இருக்கும் ஊரில் கரண்ட் போனால்? பம்ப் நிற்கும். பம்ப் நின்றால் குழாயில் தண்ணீர் ஓடாது. ஓடாத தண்ணீர் உறைந்துவிடும். உறைந்த தண்ணீர் குழாயையே வெடிக்க வைக்கும். அப்புறம் கரண்ட் திரும்பி வந்தாலும் தண்ணீர் வராது. அந்த மாதிரி ஊரில் மின்சாரம் என்பது வசதி இல்லை, உயிர். அப்படிப்பட்ட ஓர் ஊருக்கு மின்சாரம் கொண்டுவரப் பாதி ஆயுளைச் செலவழித்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் பெயர் கென்ரிக் ஒசிப்போவிச் கிராஃப்டியோ. ஊர், ஒரு காலத்தில் லெனின்கிராட் என்று அழைக்கப்பட்ட பீட்டர்ஸ்பர்க். பெயர் வாயில் நுழையக் கொஞ்சம் கஷ்டம்தான். ரஷ்ய மின்துறையில் இந்தப் பெயர் தெரியாதவர்கள் குறைவு.

இவர் பிறந்தது 1869 டிசம்பரில், இன்றைய லாட்வியா நாட்டில் இருக்கும் டௌகவ்பில்ஸ் என்ற ஊரில். அப்போது அது ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. ஒடெசா பல்கலைக்கழகத்தில் 1892 இல் பட்டம் வாங்கினார். அது போதாது என்று பீட்டர்ஸ்பர்க் போய், ரயில்வேப் பொறியியல் கல்லூரியில் மறுபடி மாணவராகச் சேர்ந்து 1896 இல் முடித்தார். பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சுற்றி, மின்சார ரயில்களையும் நீர்மின் நிலையங்களையும் நேரில் பார்த்துவிட்டுத் திரும்பினார். பீட்டர்ஸ்பர்க்கில் 1907 இல் டிராம் ஓடத் தொடங்கியபோது அதற்குப் பின்னால் இருந்த முக்கியப் பொறியாளர்களில் இவரும் ஒருவர். மின்பொறியியல் கல்லூரியில் பாடமும் நடத்தினார்.

அந்தக் கால பீட்டர்ஸ்பர்க்கின் மின் நிலையங்கள் எதில் ஓடின தெரியுமா? இங்கிலாந்து நிலக்கரியில்! கப்பலில் வந்து இறங்கும். ரஷ்யாவின் சொந்தச் சுரங்கங்கள் தெற்கே வெகுதூரத்தில் இருந்ததால் கடல் வழியாக வருவதே மலிவாக இருந்தது. ஆனால் குளிர்காலத்தில் கடல் உறைந்துவிடும். கோடையிலேயே வாங்கிக் குவித்து வைக்க வேண்டும். சண்டை வந்தால் அதுவும் வராது. ஒரு தலைநகரத்தின் விளக்கு அடுத்த நாட்டுக் கப்பலை நம்பி எரிகிறது. இது கிராஃப்டியோவை உறுத்தியது.

நகரத்திலிருந்து கிழக்கே சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி வோல்கோவ் என்று ஓர் ஆறு. இல்மென் ஏரியில் புறப்பட்டு லடோகா ஏரியில் போய் விழுகிறது. அது லடோகாவை நெருங்கும் இடத்தில் பாறைகள் நிறைந்த பாய்ச்சல். படகுக்காரர்களுக்கு அது பெரிய தலைவலி. கிராஃப்டியோவுக்கு அது சுமார் 11 மீட்டர் 'ஹெட்'. 1902 இல் அங்கே நீர்மின் நிலையம் கட்ட ஒரு திட்டம் தயாரித்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1911 இல் திருத்தி எழுதினார். 1914 இல் இன்னொரு முறை. நகரத்தில் மின்சாரம் விற்றுக்கொண்டிருந்த கம்பெனிகளுக்குத் தூரத்திலிருந்து மலிவான மின்சாரம் வருவதில் என்ன லாபம்? அரசாங்கத்துக்கும் அக்கறை இல்லை. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை ஒருமுறை திருப்பிக் கொடுத்தாலே நமக்கு முகம் சுருங்கிவிடுகிறது. இவர் மூன்று முறை எழுதினார்.

அவர் செய்த கணக்கு சாதாரணமானது இல்லை. வடக்கே நீர்மின் நிலையம் கட்டுவதில் இரண்டு பெரிய சிக்கல்கள் உண்டு.

முதல் சிக்கல் லோடு கர்வ். பீட்டர்ஸ்பர்க் ஏறக்குறைய 60 டிகிரி அட்ச ரேகையில் இருக்கிறது. ஜூனில் இரவே சரியாக இருட்டாது. டிசம்பரில் சூரியன் எட்டிப் பார்ப்பது 6 மணி நேரத்துக்கும் குறைவு. ஆக, விளக்கு லோடு உச்சிக்குப் போவது டிசம்பரில். ஆனால் ஆற்றில் தண்ணீர் குறைவதும் குளிர்காலத்தில்தான். ஏன்? வானத்திலிருந்து விழுவதெல்லாம் பனி. அது ஆற்றுக்கு வராது, நிலத்தின்மேல் அப்படியே கிடக்கும். ஏப்ரல், மே மாதங்களில் மொத்தமாக உருகி வெள்ளமாக வரும். தேவைப்படும்போது தண்ணீர் இல்லை, தண்ணீர் வரும்போது தேவை இல்லை.

இரண்டாவது சிக்கல் இன்னும் விஷமமானது. ஆற்றின் மேல்பரப்பு பலகை மாதிரி உறைந்துவிட்டால் பயமில்லை, அதன் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பலகை உருவாவதற்கு முன், வேகமாக ஓடும் தண்ணீர் பூஜ்யம் டிகிரிக்குச் சற்றே கீழே குளிரும்போதுதான் ஆபத்து. தண்ணீருக்குள்ளேயே ஊசி ஊசியாகப் பனி உண்டாகும். ரஷ்யர்கள் இதை 'ஷுகா' என்பார்கள். குப்பை உள்ளே போகாமல் டர்பைனுக்கு முன்னால் வைக்கும் கம்பித் தடுப்பில், அதான் டிராஷ் ராக்கில், இந்த ஊசிகள் ஒட்டிக்கொண்டு சில மணி நேரத்தில் மொத்தத்தையும் அடைத்துவிடும். அணை நிறையத் தண்ணீர் இருந்தும் டர்பைன் பட்டினி! இதைத் தவிர்க்க அணைக்கு மேலே தண்ணீர் மெதுவாக நகர வேண்டும். அப்போதுதான் மேலே பனிப்பலகை சீக்கிரம் மூடும், அதுவே போர்வையாகிவிடும். வசந்தத்தில் அந்தப் பலகை உடைந்து பெரிய பெரிய துண்டுகளாக வந்து மோதும். அதைத் தடுக்க வோல்கோவில் மின் நிலையத்துக்கு முன்னால் தனியாக ஒரு பனித்தடுப்புச் சுவரே எழுப்பினார்கள். வெயில் நாட்டில் படிக்கும் நமக்கு இதெல்லாம் சிலபஸில் வராத விஷயம்.

1914 இல் முதல் உலகப்போர் மூண்டது. கிராஃப்டியோ பயந்தது நடந்தது. இங்கிலாந்து நிலக்கரி நின்றது. 1917 இல் புரட்சி. புதிய அரசு எரிபொருள் இல்லாமல் தவித்தபோது பழைய வோல்கோவ் பிளானைக் கேட்டு வந்தது. 1918 இல் ஒப்புதல் கிடைத்தது. உடனே உள்நாட்டுப் போர் வந்துவிட்டது! ஆட்களுக்குச் சாப்பாடு இல்லை, பூட்ஸ் இல்லை, சிமெண்ட் இல்லை. வேலை நகரவில்லை.

இதற்கிடையில் 1920 இல் 'கோயெல்ரோ' என்ற குழு அமைக்கப்பட்டது. முழு நாட்டுக்கும் மின்மயத் திட்டம் போடுவது அதன் வேலை, கிர்ஜிஜனோவ்ஸ்கி தலைவர். 10 முதல் 15 வருடத்தில் 30 மின் நிலையங்கள் என்பது திட்டம். கிராஃப்டியோவும் அதில் உறுப்பினர். அந்தத் திட்டத்தில் வோல்கோவுக்கு முக்கியமான இடம். இப்படிப்பட்ட மனிதரை 1921 மார்ச்சில் பெட்ரோகிராட் ரகசியப் போலீஸ் பிடித்து உள்ளே வைத்தது! பழைய ஆட்சியில் படித்த பொறியாளர் என்றாலே சந்தேகப்பட்ட காலம் அது. சேதி லெனின் வரை போய், அவர் தலையிட்ட பிறகுதான் விடுதலை. வெளியே வந்தவர் மீண்டும் வோல்கோவ் வேலைக்கே போனார். நாமாக இருந்தால் போயிருப்போமா என்று எனக்குச் சந்தேகம்.

அதன் பிறகுதான் வேலை சூடு பிடித்தது. ஆற்றின் அடியில் அஸ்திவாரம் போட 'கெய்சன்' முறை. அடிப்பக்கம் திறந்த பெரிய பெட்டியை ஆற்றில் இறக்கி, உள்ளே அழுத்தக் காற்றை ஏற்றித் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு, அதற்குள் ஆட்கள் தோண்டுவார்கள். வெளியே வரும்போது அழுத்தத்தை மெதுவாகக் குறைக்காவிட்டால் உடம்பில் மூட்டுக்கு மூட்டு வலி பிடுங்கும், ஆளே போய்விடலாம். டர்பைன்கள் ஸ்வீடனிலிருந்து வந்தன. 8 ஜெனரேட்டர்களில் 4 ஸ்வீடனில் செய்தவை. மீதி 4 லெனின்கிராடிலேயே, 'எலக்ட்ரோசிலா' தொழிற்சாலையில் செய்தவை. அவ்வளவு பெரிய மெஷினை அந்நாட்டில் அதற்கு முன் யாரும் செய்ததில்லை. செய்து பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

1926 டிசம்பர் 19 அன்று நிலையம் திறக்கப்பட்டது. முதல் திட்டம் எழுதி 24 வருடம். கிராஃப்டியோவுக்கு வயது ஏறக்குறைய 57. முழுத் திறன் 58 மெகாவாட், 110 கிலோவோல்ட் லைனில் நகரத்துக்குப் போனது. இன்று ஒரே யூனிட் 500 மெகாவாட் என்று பார்க்கிற நமக்கு இது சின்னதாகத் தெரியும். அந்த நாட்டில் அன்று அதைவிடப் பெரிய நீர்மின் நிலையம் கிடையாது. ஒன்று மட்டும் சரியாக வரவில்லை. அந்த ஆற்றில் ஏறி முட்டையிடும் ஒரு வெள்ளை மீன் உண்டு. அதற்காக அணையில் மீன்வழி வைத்தார்கள். மீன்களுக்கு அது பிடிக்கவில்லை. மீன் வரத்து விழுந்துவிட்டது.

அவர் அதோடு நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். வோல்கோவ் ஒன்றை நம்பி நகரம் இருக்க முடியாது, அதன் தண்ணீர் வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். வடக்கே ஸ்விர் என்று இன்னோர் ஆறு. அது ஐரோப்பாவின் இரண்டாவது பெரிய ஏரியான ஒனேகாவிலிருந்து புறப்படுகிறது. அவ்வளவு பெரிய ஏரியே இயற்கை நீர்த்தேக்கமாக இருப்பதால் குளிர்காலத்திலும் ஓட்டம் அவ்வளவாகக் குறையாது. இதோடு கோடையில் வெட்டிக் காயவைத்துச் சேமிக்கும் கரிமண், அதாவது 'பீட்', எரிக்கும் அனல் நிலையங்கள். பெட்ரோகிராடில் 1922 லேயே அப்படி ஒன்று ஓடத் தொடங்கியிருந்தது. ஒன்று தளரும்போது இன்னொன்று தாங்கும். எல்லாம் ஒரே கிரிட்டில்.

ஸ்விரில் வந்த சோதனை வேறு. அடியில் பாறையே இல்லை, களிமண்! எடை ஏறினால் அமுங்கும். எவ்வளவு அமுங்கும், எந்தப் பக்கம் சாயும் என்று கணக்குப் போட்டு, கட்டடத்தையே வேண்டுமென்று சற்றுச் சாய்வாகக் கட்டினார்கள். டர்பைன் ஷாஃப்டையும் சாய்வாகவே வைத்தார்கள். தண்ணீர் நிரம்பியதும் களிமண் அமுங்கி எல்லாம் நேராக நிமிர்ந்தது. ஸ்ட்ரக்சர் பாடம் படிக்கும் சிவில் நண்பர்கள் இதை இன்னொரு முறை வாசிக்கவும். 1933 டிசம்பரில் முதல் யூனிட் ஓடியது. அங்கிருந்து லெனின்கிராடுக்குப் போன 220 கிலோவோல்ட் லைன் அந்நாட்டில் அந்த மின்னழுத்தத்தில் முதலாவது. இடையில் 1932 இல் கிராஃப்டியோ அறிவியல் கழக உறுப்பினரானார். அந்தக் கட்டுமானத்தில் கைதிகளின் உழைப்பும் இருந்தது. விழா மேடைகளில் அதைச் சொல்ல மாட்டார்கள், நாம் சொல்லாமல் விடக்கூடாது.

1941 செப்டம்பரில் ஹிட்லரின் படை லெனின்கிராடைச் சுற்றி வளைத்தது. ஸ்விர் நிலையம் போர்முனையிலேயே மாட்டி நாசமானது. வோல்கோவ் லைன் அறுந்தது. ஜெர்மானியர்கள் வோல்கோவ் நிலையத்துக்குச் சில கிலோமீட்டர் வரை வந்துவிட்டதால் பெரும்பாலான மெஷின்களைக் கழற்றி உள்நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் குளிர்காலம் மிகக் கொடியது. நகரத்துக்குள் எரிபொருள் தீர்ந்தது. டிசம்பரில் டிராம்கள் அங்கங்கே தெருவிலேயே நின்றன, அவற்றின்மேல் பனி மூடியது. குழாய்கள் உறைந்தன. ஜனங்கள் நேவா ஆற்றின் பனியில் துளை போட்டு வாளியில் தண்ணீர் மொண்டார்கள். ரொட்டி சுடும் இடத்துக்கும் தண்ணீர் இல்லை. பசியிலும் குளிரிலும் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். கட்டுரையின் தொடக்கத்தில் நான் எழுதியது கற்பனை இல்லை.

1942 இல் முன்னணி கொஞ்சம் விலகியதும் வோல்கோவ் மெஷின்களைத் திரும்பக் கொண்டுவந்து பூட்டினார்கள். ஆனால் கரண்டை எப்படி நகரத்துக்குள் அனுப்புவது? சுற்றிலும் எதிரி. திறந்திருந்த ஒரே வழி லடோகா ஏரி. ஏரியின் அடியில் கேபிள் போட முடிவானது. அந்தக் கேபிளை முற்றுகைக்குள் இருந்த லெனின்கிராட் தொழிற்சாலையே செய்தது, அரை வயிற்றுப் பெண் தொழிலாளர்களை வைத்துக்கொண்டு. இன்சுலேஷனுக்குக் காகிதம் கிடைக்கவில்லை. ரூபிள் நோட்டு அச்சடிக்க வைத்திருந்த வாட்டர்மார்க் காகிதத்தை எடுத்துச் சுற்றினார்கள்! ஒவ்வொன்றும் 20 கிலோமீட்டருக்கு மேல் நீளம், மொத்தம் 5 கேபிள்கள், விமானத் தாக்குதலுக்குப் பயந்து இரவில் போட்டவை. 1942 செப்டம்பர் 23 அன்று வோல்கோவ் மின்சாரம் மறுபடி நகரத்துக்குள் வந்தது. அடுத்த குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் பனிக்கட்டியின் மேலேயே கம்பம் நட்டு ஒரு லைனும் இழுத்தார்கள். அந்த இரண்டாவது குளிர்காலத்தில் நகரத்தில் டிராம் ஓடியது.

போர் முடிந்தபின் ஸ்விர் நிலையத்தைத் திரும்ப எழுப்பி 1948 இல் முழுத் திறனுக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடம் 1949 ஏப்ரல் 30 அன்று லெனின்கிராடில் கிராஃப்டியோ காலமானார், 79 வயதில். நகரத்தில் ஒரு சின்னத் தெருவுக்கு அவர் பெயர் வைத்தார்கள். களிமண்மேல் சாய்வாகக் கட்டி நேராக நிமிர்ந்த அந்த ஸ்விர் நிலையத்துக்கும் அவர் பெயர்தான்.